கல் எங்கிருந்து வரும்?

பன்னாட்டு நிதியும் பன்னாட்டு ஆலோசகர்களும் சேர்ந்து எழுப்பும் பெருங்கட்டுமானங்களுக்குச் செலவு மதிப்பிடுவது குறித்து, அரசு அலுவலகங்களிலும் பொறியியல் கல்லூரிகளிலும் நாளிதழ்த் தலையங்கங்களிலும் ஏறக்குறைய ஒரே கருத்துதான் நிலவுகிறது. மதிப்பீட்டில் சறுக்கக்கூடிய பகுதி கடல் தாண்டி வருவது என்றும், டாலரின் ஏற்ற இறக்கம், வெளிநாட்டு இயந்திரங்களின் விலை, கப்பல் கட்டணம் ஆகியவற்றைச் சரியாகக் கணித்துவிட்டால், மண்ணும் கல்லும் கூலியுமாகிய உள்ளூர்ப் பகுதியைப் பொதுப்பணித் துறையின் விலைவீத அட்டவணையை எடுத்துப் பெருக்கியே முடித்துவிடலாம் என்றும் அக்கருத்து சொல்கிறது. இதன் தொடர்ச்சியாக, பெயர்பெற்ற ஆலோசனை நிறுவனம் ஒன்று கணக்குப் போட்டுக் கொடுத்த தொகை நம்பத்தக்கது என்றும், பின்னர் செலவு கூடினால் அதற்கு யாரோ திருடியதோ, யாராலும் முன்னறிய முடியாத இயற்கைச் சீற்றமோதான் காரணம் என்றும் முடிவு கட்டப்படுகிறது. படித்தவர்களிடமும் செல்வாக்குடன் விளங்கும் இந்தக் கருத்து, சிக்கலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதைத் திருவனந்தபுரம் மாவட்டத்தின் இரு முனைகளைச் சேர்த்துப் பார்த்தாலே உணரலாம். ஒரு முனை கடலோரத்து விழிஞ்ஞம். மற்றொன்று அகத்தியமலை அடிவாரத்துப் போனக்காடு.

விழிஞ்ஞம் பன்னாட்டுத் துறைமுகத்திற்கான ஒப்பந்தம் 2015 ஆகஸ்ட் 17 அன்று கையெழுத்தானது. திட்டத்தின் மொத்த மதிப்பு 7,525 கோடி ரூபாய். அதில் அரசும் தனியாரும் கூட்டாகச் செய்யும் பகுதி 4,089 கோடி; அதற்குள் தனியார் நிறுவனத்தின் பங்கு 2,454 கோடி; எஞ்சிய 1,635 கோடி, இலாபம் போதாத திட்டங்களைத் தனியாருக்கு ஏற்புடையதாக்க அரசு தரும் ‘இடைவெளி நிரப்பு நிதி’. மீதமெல்லாம் மாநில அரசின் பொறுப்பு. அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று பணி தொடங்கியது. ஒப்பந்தம் அளித்த காலம் நான்கு ஆண்டுகள். மேடையில் அளிக்கப்பட்ட வாக்குறுதியோ 1,000 நாள். துறைமுகம் முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது 2025 மே 2 அன்று, அதாவது ஏறத்தாழ 3,430 நாள்களுக்குப் பின்னர். 800 மீட்டர் நீளப் பெர்த்துக்கான கிரேன்கள் சீனாவிலிருந்து கப்பலேறி வந்தன. அவற்றைக் கொண்டுவந்த முதற்கப்பலுக்கு 2023 அக்டோபரில் வரவேற்பு விழாவே நடந்தது. அந்த ஒன்பதரை ஆண்டுகளில் பணி தேங்கிய காலங்களைப் பார்த்தால், கிரேன் வராததால் தேங்கிய காலத்தைக் காட்டிலும், கருங்கல் வராததால் தேங்கிய காலமே பெரிது என்பது தெளிவு. கடல் தாண்டி வரவேண்டியது வந்து சேர்ந்தது. மலையிறங்கி வரவேண்டியதுதான் வரவில்லை.

கல் ஏன் இத்தனை தேவைப்பட்டது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். துறைமுகத்தின் முதுகெலும்பு அலைதடுப்புச் சுவர், அதாவது கடலுக்குள் நீண்டு திறந்த கடலின் அலையை வாங்கிக்கொண்டு உட்பகுதியை அமைதியாக வைத்திருக்கும் கற்கரை. விழிஞ்ஞத்தில் அதன் நீளம் சுமார் மூன்று கிலோமீட்டர். இத்துறைமுகத்தின் பெருஞ்சிறப்பாக எல்லாரும் எடுத்துச் சொல்வது, கரைக்கு மிக அருகிலேயே 18 முதல் 20 மீட்டர் வரை இயற்கை ஆழம் கிடைப்பதால் தூர்வாரும் செலவு மிச்சம் என்பதையே. அது மெய்தான். ஆனால் அந்த ஆழமே சுவருக்குப் பகை என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. மேல் அகலம் 10 மீட்டர், நீர்மட்டத்திற்கு மேல் உயரம் 5 மீட்டர், இருபுறமும் ஒன்றுக்கு ஒன்றரை என்ற சரிவு என வைத்துக்கொண்டு, 10 மீட்டர் ஆழத்தில் ஒரு கற்கரையை எழுப்பினால் அதன் குறுக்குவெட்டுப் பரப்பு 487 சதுர மீட்டர். அதே கரையை 20 மீட்டர் ஆழத்தில் எழுப்பினால் 1,187 சதுர மீட்டர். ஆழம் இரட்டித்தால் கல் ஏறக்குறைய இரண்டரை மடங்காகிறது, ஏனெனில் கரை உயர உயர அதன் அடிப்பகுதியும் அகன்றுகொண்டே போகிறது. எனவே தூர்வாருவதில் மிச்சமாகும் பணத்தின் ஒரு பெரும் பகுதி கல்லாகிக் கடலடியில் போய்ச் சேர்கிறது. இதைக் கணக்கிட உலகத்தரமான ஆலோசகர் தேவையில்லை. பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் போதும்.

கணக்கில் கடினமானது அளவு அன்று, ஆதாரம். இந்தக் கல் எங்கிருந்து வரும்? பொதுப்பணித் துறையில் எஸ்டிமேட் போடும் எவரும் முதலில் தயாரிக்கும் தாள்களில் ஒன்று ‘லீட்’ அட்டவணை. ஒவ்வொரு பொருளும் எந்தக் குவாரியிலிருந்து அல்லது எந்தக் கிடங்கிலிருந்து வேலையிடத்துக்கு வருகிறது, அது எத்தனை கிலோமீட்டர் தூரம், ஏற்றி இறக்கும் கூலி எவ்வளவு என்பதைச் சொல்லும் தாள் அது. ஒரு பஞ்சாயத்துச் சிறுபாலத்துக்குக்கூட அந்தத் தாள் இல்லாமல் கோப்பு நகராது. பல்லாயிரம் கோடித் திட்டங்களின் விரிவான திட்ட அறிக்கைகளிலும் அது இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதில் குவாரி என்பது வரைபடத்தில் ஒரு புள்ளியாகவும் தூரம் என்பது ஓர் எண்ணாகவும் மட்டுமே இடம்பெறுகின்றன. அந்தப் புள்ளியில் கல் உடைக்க அனுமதி இருக்கிறதா, எத்தனை ஆண்டுக்கு இருக்கிறது, நாளொன்றுக்கு எத்தனை லாரி அந்த ஊர்ச் சாலையில் போகலாம், அந்த ஊரார் அதற்கு ஒப்புவார்களா என்ற கேள்விகளுக்கு அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

இங்கேதான் போனக்காடு பாடமாகிறது. நெடுமங்காடு, விதுரை வழியாக ஏறிச்சென்றால் வரும் அந்தத் தோட்டத்தில், ஓய்ந்துபோன தேயிலைத் தொழிற்சாலையும் தொழிலாளர் குடும்பங்களின் பழைய லயங்களும் இருக்கின்றன. 1,868 மீட்டர் உயர அகத்தியமலைக்கு ஏறுவோரின் நடைபயணமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. நிமிர்ந்து பார்த்தால் எங்கும் பாறை. விழிஞ்ஞத்துச் சுவரைப் போல நூறு சுவர்களுக்குப் போதுமான கல் அந்த மலைத்தொடரில் இருக்கிறது. ஆயினும் அது பேப்பாறை வனவிலங்குச் சரணாலயமும் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகமும் சூழ்ந்த நிலம். தலைநகரத்துக்குக் குடிநீர் தரும் கரமனை ஆறு பிறக்கும் நிலம். நிலவியல் வரைபடம் பார்ப்பவருக்கு அங்கே கல் இருக்கிறது. மதிப்பீட்டாளருக்கு அங்கே ஒரு சல்லியும் இல்லை. ஒரு மாவட்டத்தின் கல்வளத்தைப் பாறையின் பரப்பளவைக் கொண்டு எடைபோடும் பழக்கம் எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதற்குப் போனக்காட்டைவிட எளிய சான்று கிடைப்பது அரிது.

இதையெல்லாம் அப்போது யார் அறிந்திருப்பார் என்று மறுதரப்பு கேட்கலாம். ஆண்டுகளை வரிசைப்படுத்தினால் விடை கிடைத்துவிடும். மேற்குத்தொடர்ச்சி மலை குறித்த மாதவ் காட்கில் குழுவின் அறிக்கை 2011இலும், கஸ்தூரிரங்கன் குழுவின் அறிக்கை 2013இலும் வந்துவிட்டன. ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான சிறு குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் தீபக் குமார் வழக்கில் 2012 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. சூழல் கூருணர்வுப் பகுதிகளுக்கான வரைவு அறிவிக்கை 2014 மார்ச்சில் வெளியானது. கேரளத்தில் இவற்றுக்கு எதிராகவும் ஆதரவாகவும் தெருவில் இறங்காத கட்சி இல்லை. இவை அனைத்துக்கும் பிறகுதான் 2015 ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆகவே கல் கிடைக்காமற்போனதை ‘எதிர்பாராத நிகழ்வு’ என்று கோப்பில் எழுதுவது, மழைக்காலத்தில் குடையில்லாமல் புறப்பட்டவர் நனைந்ததை எதிர்பாராத நிகழ்வு என்பதற்கு ஒப்பானது. பின்னர் கல் தேடி லாரிகள் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களுக்கு வந்தன. அங்கும் மலைகள் கரைவது குறித்து மக்கள் எதிர்ப்பு எழுந்தது. 2022 மே மாதம் நெல்லை மாவட்டத்து அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து தொழிலாளர்கள் உயிரிழந்த பின், அம்மாவட்டத்துக் குவாரிகள் மேல் அரசின் ஆய்வு இறுகியது. களியக்காவிளை வழியாக வரும் கல்லின் விலையில் டீசலும் ஓட்டுநர் கூலியும் மட்டும் அடங்கியிருக்கவில்லை. இரண்டு மாநிலங்களின் சட்டமும் அரசியலும் அடங்கியிருந்தன.

ஓக்கிப் புயலை இங்கே நேர்மையாகப் பேசியாக வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் அது தென் திருவிதாங்கூர்க் கடலோரத்தைத் தாக்கியபோது, கட்டி முடிக்கப்படாத அலைதடுப்புச் சுவரின் ஒரு பகுதி சேதமுற்றது. அந்தக் கரை அத்தகைய புயலை அரிதாகவே கண்டிருக்கிறது என்பதால், ஓக்கி வந்த நாளை எந்த மதிப்பீட்டாளரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் ஆண்டுதோறும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்கடல் கொந்தளிக்கும் என்பதும், அம்மாதங்களில் சுவர்ப்பணி அநேகமாக நின்றுவிடும் என்பதும், பாதியில் நிற்கும் சுவரே அலைக்கு மிக எளிதாக இரையாகும் என்பதும் கடலோரத்தார் எல்லாரும் அறிந்தவை. கல் தட்டுப்பாட்டால் சுவர் பாதியில் நிற்கும் காலம் நீண்டுகொண்டே போனது. நின்ற ஒவ்வொரு மாதமும் சேத அபாயம் கூடியது. அபாயங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வருபவை என்பதை மறந்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கட்டத்தில் அடைத்து ஆளுக்கொரு சதவீதம் ஒதுக்கும் வழக்கத்தால் இந்தச் சங்கிலியைப் பார்க்கவே முடியாது. 2022 ஆகஸ்டில் தொடங்கி டிசம்பர் வரை நடந்த மீனவர் போராட்டமும் அப்படியே. கடலரிப்பால் வீடிழந்தவர்களின் மறுவாழ்வு, கரைமடி இழுப்போர் மற்றும் சிப்பி எடுப்போரின் வாழ்வாதார இழப்பீடு ஆகியவை மதிப்பீட்டின் ஓரத்தில் ‘சமூகச் செலவு’ என்று ஒதுக்கப்படும் வரிகள். பணி நூறு நாளுக்கு மேல் நின்றபோதுதான், அந்த ஓர வரிகள் நடுப்பக்கத்துக்கு வந்தன.

டாலர் பக்கம் திரும்பினால், நிலவும் கருத்தின் வலுவான கோட்டையே அதுதான் என்று தோன்றும். ஒப்பந்தம் கையெழுத்தான நாள்களில் டாலருக்கு 65 ரூபாய் அளவில் இருந்த மாற்று விகிதம், துறைமுகத் திறப்பின்போது 84 ரூபாயைத் தாண்டியிருந்தது. ஏறத்தாழ 30 சதவீத ஏற்றம் சிறிதன்று. ஆனால் இந்த அபாயத்துக்கு ஒரு சந்தை இருக்கிறது. டாலரின் விலை நாள்தோறும் வெளியாகிறது, எதிர்கால விலையை இன்றே பூட்டிவைக்க வங்கிகள் முன்வருகின்றன, ஒப்பந்தத்தில் அதற்கெனத் தேர்ந்த சட்டப்பிரிவுகள் உள்ளன. 2019 ஜனவரியில் நெடுமங்காடு வட்டத்தில் ஒரு டன் பெருங்கல் என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதை 2015இல் பூட்டிவைக்க எந்த வங்கியும் இல்லை. மேலும், உள்ளூர்ச் செலவை டாலருக்கு மாற்றிப் பிற நாட்டுத் திட்டங்களோடு ஒப்பிடும்போது சந்தை மாற்று விகிதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்துவதும் பிழை. ஒரு நாட்டுப் பணம் அந்நாட்டிலேயே எவ்வளவு பொருளும் உழைப்பும் வாங்கும் என்பதை ஒட்டிய ‘வாங்குதிறன் சமன்பாடு’ கூலிக்கும் கல்லுக்கும் பொருந்தும், கிரேனுக்குப் பொருந்தாது. இரண்டையும் ஒரே விகிதத்தில் பெருக்கிக் கூட்டினால் கிடைக்கும் தொகை எந்த நாட்டுக்கும் உரியதாக இருக்காது.

நிலவும் கருத்துக்கு ஆதரவான சான்று ஒன்று கூடங்குளத்தில் இருப்பதாகத் தோன்றலாம். அங்கு முதலிரு அணு உலைகளின் மதிப்பீடு 13,171 கோடியிலிருந்து 22,462 கோடியாக உயர்ந்ததற்கு, ரஷ்யாவிலிருந்து தளவாடங்கள் தாமதமாக வந்ததும் ஒரு காரணம். இதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கும் தொகையைக் கூட்டியதில் தளவாடத்தின் விலையைவிடக் காலத்தின் விலைக்குப் பெரும் பங்கு உண்டு. 2002இல் முதல் கான்கிரீட் போடப்பட்ட அணு உலை 2014 டிசம்பரில்தான் வணிக உற்பத்திக்கு வந்தது. ஒரு யூனிட் மின்சாரமும் விற்காத அந்த ஆண்டுகளில் கடனுக்குச் சேர்ந்துகொண்டே போவதுதான் ‘கட்டுமானக் கால வட்டி’. தாமதம் எங்கிருந்து வந்தாலும் வட்டிக்கு வேறுபாடு தெரியாது.

கல்லின் கதைக்கு உலகச் சான்றும் உண்டு. பனாமா கால்வாய் விரிவாக்கத்தில் புதிய மதகுத் தொகுதிகளைக் கட்டும் ஒப்பந்தம், 2009இல் சுமார் 310 கோடி டாலருக்கு, அடுத்த போட்டியாளரைவிட ஏறத்தாழ 100 கோடி டாலர் குறைவாகக் கேட்ட கூட்டமைப்புக்குக் கிடைத்தது. சில ஆண்டுகளில் பணி தடைப்பட்டு, வழக்குமன்றம் வரை போன பூசல்களில் முக்கியமான ஒன்று, கான்கிரீட்டுக்கான ஜல்லியாக உடைக்க வேண்டிய உள்ளூர்க் கரும்பாறை எதிர்பார்த்த தரத்தில் இருந்ததா என்பதே. ஐரோப்பாவின் பெரும் நிறுவனங்கள், உலகின் தேர்ந்த வழக்கறிஞர்கள், நூற்றாண்டு பழமையான கால்வாய். எல்லாம் வந்து நின்ற இடம் ஒரு குவாரி.

இனி மதிப்பீட்டுத் தொகையையே பார்க்கலாம். 7,525 கோடி 8,867 கோடியாகிவிட்டது, ஆகவே 18 சதவீதம் மட்டுமே உயர்வு, உலகத் திட்டங்களோடு ஒப்பிட்டால் இது சாதனை என்று ஒரு சாராரும், இது ஊழல் என்று மற்றொரு சாராரும் சொல்கின்றனர். இரு சாராரும் ஒரே தவற்றைச் செய்கின்றனர். ஒன்று 2015ஆம் ஆண்டுக்கு முந்தைய விலைநிலையில் எழுதப்பட்டது. மற்றது பல ஆண்டு ரூபாய்களின் கலவை. அதைவிடச் சுவையானது பங்கீடு. திறப்பின்போது வெளியான பங்கீட்டில் மாநில அரசின் பங்கு 5,595 கோடி, மத்திய அரசின் நிதி 818 கோடி, தனியார் பங்கு 2,454 கோடி. பத்தாண்டில் புயல், போராட்டம், பெருந்தொற்று எல்லாம் கடந்தும் ஒரு ரூபாய்கூட அசையாத அந்த 2,454 என்ற எண், அளந்து கண்ட செலவாக இருக்க வாய்ப்பில்லை. அது ஒப்பந்தத்தில் எழுதிய எண், அப்படியே மறுபதிப்பானது. இதற்கிடையே, 2017இல் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, வெளி ஆலோசகர்கள் தந்த மதிப்பீடுகள் உரிய கவனத்துடன் சரிபார்க்கப்படவில்லை என்றும் செலவு மிகைப்படுத்தப்பட்டதாகத் தோன்றுகிறது என்றும் குறித்தது. வழக்கமான 30 ஆண்டு உரிமக்காலம் 40 ஆண்டாக நீட்டப்பட்டதையும் குறை கூறியது. மிகையானது என்று தணிக்கை சொன்ன மதிப்பீடு, முடிவில் போதாமற்போனது. இதில் முரண் ஏதுமில்லை. ஒரே மதிப்பீடு சில வரிகளில் மிகையாகவும் வேறு வரிகளில் குறையாகவும் இருக்கலாம்; கூட்டுத்தொகை மட்டும் அதை மறைத்துவிடும்.

கூட்டுத்தொகையின் மீதான இந்த மயக்கத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு சேதுசமுத்திரத் திட்டம். 2005இல் ஒப்புதல் பெற்ற அதன் மதிப்பு 2,427 கோடியே 40 லட்சம். பாக் நீரிணையின் மணல் ஆண்டுதோறும் எவ்வளவு திரும்பி வந்து சேரும் என்பதிலேயே அறிஞர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லாத கடலில், 40 லட்சம் வரை துல்லியம்! செலவுப் பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கம் வகுத்த தரவரிசையின்படி, கருத்தளவில் இருக்கும் திட்டத்தின் மதிப்பீடு பாதியாகக் குறையவும் இருமடங்காக உயரவும் இடமுண்டு. வரைபடங்கள் முழுமை பெற்ற பிறகும் பத்து சதவீத அளவுக்கு ஊசலாட்டம் இயல்பு. நம் வழக்கத்தில் இந்த ஊசலாட்டத்துக்குக் கிடைக்கும் இடம், ‘தற்செயல் செலவு’ என்ற தலைப்பில் 3 அல்லது 5 சதவீதம் சேர்க்கும் ஒற்றை வரி. மைதானத்தில் கட்டும் பள்ளிக்கூடத்துக்கும் அதே விழுக்காடு, திறந்த கடலில் எழுப்பும் சுவருக்கும் அதே விழுக்காடு.

சீர்திருத்தம் பேசுவோரிடம் இரு மருந்துகள் உள்ளன. முதலாவது, பெண்ட் ஃப்ளூபியர்க் என்ற டேனிஷ் அறிஞரின் வழி. அவரும் அவருடைய கூட்டாளிகளும் 20 நாடுகளின் 258 போக்குவரத்துத் திட்டங்களை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், பத்தில் ஒன்பது திட்டங்களில் செலவு மதிப்பீட்டை மீறியதாகவும் ரயில் திட்டங்களில் சராசரி மீறல் 45 சதவீதம் எனவும் கண்டனர். ஆகவே ஒத்த திட்டங்களின் வரலாற்றைப் பார்த்து மதிப்பீட்டின் மேல் ஒரு விழுக்காட்டை ஏற்றிவிடுங்கள் என்பது அறிவுரை. ஆணவத்துக்குக் கடிவாளமாக இது நல்லது. ஆனால் பத்து நாட்டுத் துறைமுகங்களின் சராசரி, நெடுமங்காட்டில் குவாரி திறக்குமா என்பதைச் சொல்லாது; ஏற்றப்பட்ட விழுக்காடு பணத்தைக் கூட்டும், கல்லைக் கூட்டாது. இரண்டாவது மருந்து, மருந்தே வேண்டாம் என்பது. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1967இல் முன்வைத்த ‘மறைக்கும் கை’ என்ற கருத்தின்படி, இடர்களைக் குறைத்து மதிப்பிடுவதால்தான் மனிதர் பெருஞ்செயல்களில் இறங்குகின்றனர்; இறங்கிய பின் தீர்வுகளைக் கண்டுபிடிக்கின்றனர். உண்மையான செலவைச் சொல்லியிருந்தால் எதுவும் கட்டப்பட்டிராது என்று நம் அமைச்சர்களும் அதிகாரிகளும் தனிப்பேச்சில் சொல்வது இதன் நாட்டு வடிவம். அறியாமை படைப்பூக்கத்துக்கு உதவும் என்பது உண்மையாகவே இருக்கட்டும். யாருடைய அறியாமைக்கு யார் விலை கொடுக்கிறார் என்பதை ஹிர்ஷ்மன் பக்தர்கள் கேட்பதில்லை. விழிஞ்ஞத்தில் கூடிய தொகை யார் பங்கில் ஏறியது என்பதை மேற்கண்ட பங்கீடே காட்டுகிறது.

விழிஞ்ஞத்துக்கு அடுத்த கட்டம் ஒன்றும் இருக்கிறது. பெர்த் 800 மீட்டரிலிருந்து 2,000 மீட்டராக நீளும், அலைதடுப்புச் சுவர் மேலும் 920 மீட்டர் கடலுக்குள் போகும் என்கிறது திட்டம். மேலே காட்டிய 20 மீட்டர் ஆழக் குறுக்குவெட்டையே தோராயமாக எடுத்துக்கொண்டால், 920 மீட்டருக்குச் சுமார் 11 லட்சம் கன மீட்டர் நிறைப்பு வேண்டும். கற்களுக்கிடையே உள்ள வெற்றிடத்தைக் கழித்துக் கன மீட்டருக்கு 1.7 டன் என்று வைத்தால் 18 லட்சம் டன்னுக்கு மேல். 20 டன் ஏற்றும் லாரிக்கு அது ஏறக்குறைய 93,000 நடை. பருவக்கடல் கொந்தளிக்கும் நான்கு மாதங்கள் போக, ஆண்டில் 240 நாள் வேலை நடந்து இரண்டே ஆண்டில் சுவர் எழ வேண்டுமானால், நாளொன்றுக்கு 190 லாரிக்கு மேல் ஏதோ ஒரு மலையிலிருந்து புறப்பட்டாக வேண்டும். அந்தக் கணக்கில் போனக்காட்டு மலைகளிலிருந்து ஒரு லாரியும் இல்லை. மற்ற மலைகளின் பெயர்களும், அவற்றில் எதற்கு எந்தத் தேதி வரை அனுமதி என்பதும், எந்தச் சாலை வழியாக எந்த நேரத்தில் லாரி போகலாம் என்பதும் மதிப்பீட்டின் முதல் தாளில் வரவேண்டியவை. கிரேனின் விலையைக் கடைசித் தாளில் எழுதிக்கொள்ளலாம்.